அயல்நாட்டு மாணவரின் முதல் 30 நாட்கள்

புனே நகரின் ஃபெர்குசன் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்த எஸ்.பி. முஜும்தார், அக்கல்லூரியின் விடுதிப் பொறுப்பையும் கவனித்துவந்தார். விடுதி அறையொன்றின் சன்னல் வழியாக இளம்பெண் ஒருவர் எதையோ உள்ளே நீட்டுவதை ஒரு நாள் அவர் கண்டார். விசாரித்தபோது, அறைக்குள் இருந்தவர் மொரீஷியஸ் நாட்டிலிருந்து படிக்க வந்த மாணவர் என்பதும், மஞ்சள் காமாலையால் படுத்திருக்கிறார் என்பதும், அந்தப் பெண் அவருக்கு உணவு கொண்டுவந்து கொடுக்கிறார் என்பதும் தெரியவந்தன. உற்றார் உறவினர் எவரும் இல்லாத ஊரில் நோயுற்றுக் கிடக்கும் ஒரு மாணவருக்கு ஒரு வேளை உணவு தரவும் கல்லூரியில் ஏற்பாடு இல்லையே என்ற எண்ணம் அவரை விடவில்லை. 1971ஆம் ஆண்டில் அயல்நாட்டு மாணவர்களுக்கான ஒரு பண்பாட்டு மையத்தை அவர் தொடங்கினார். வெவ்வேறு வகை உயிர்கள் ஒன்றையொன்று சார்ந்து, இரண்டும் பயன்பெற வாழும் கூட்டுயிர் வாழ்க்கையைக் குறிக்கும் தாவரவியல் சொல்லையே அதற்குப் பெயராக வைத்தார்: சிம்பயாசிஸ்.

அந்த மையம் பின்னர்க் கல்வி நிறுவனமாக வளர்ந்து, 1978இல் வணிக மேலாண்மைக்கெனத் தனி நிறுவனத்தைத் தொடங்கியது; இன்று ஒரு பல்கலைக்கழகமாக விளங்குகிறது. முஜும்தாருக்கு 2012இல் பத்மபூஷண் விருது வழங்கப்பெற்றது. நமது நாட்டில் பெரும்பாலான கல்வி நிறுவனங்கள் முதலில் கட்டடம் எழுப்பி, பாடம் தொடங்கி, அதன்பின் அயல்நாட்டு மாணவரைத் தேடுகின்றன. அயல்நாட்டு மாணவருக்கான ஆதரவிலிருந்து ஒரு கல்வி நிறுவனமே தோன்றியது அரிய நிகழ்ச்சி. அதனாலேயே இக்கட்டுரையைப் புனேயிலிருந்து தொடங்கினோம்.

வருவோரும் செல்வோரும்

அகில இந்திய உயர்கல்வி ஆய்வின் 2021-22ஆம் ஆண்டு அறிக்கைப்படி, நம் நாட்டில் பயின்ற அயல்நாட்டு மாணவர்கள் 46,878 பேர். அவர்களுள் ஏறத்தாழ 28 விழுக்காட்டினர் நேபாளத்தினர். ஆப்கானிஸ்தான், அமெரிக்கா, வங்கதேசம், ஐக்கிய அரபு அமீரகம், பூட்டான் ஆகியவை அடுத்தடுத்து வருகின்றன. மறுபுறம், வெளிநாடுகளில் பயிலும் இந்திய மாணவர்கள் 2024இல் 13 இலட்சத்துக்கும் மேற்பட்டோர் என வெளியுறவு அமைச்சகம் நாடாளுமன்றத்தில் தெரிவித்தது. இரண்டும் ஒரே ஆண்டின் கணக்கல்ல எனினும், ஒருவர் வர இருபத்தைந்துக்கும் மேற்பட்டோர் செல்கின்றனர் என்பது தெளிவு.

வருவோரைப் பெருக்க முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1950இல் மௌலானா ஆசாத் நிறுவிய இந்தியப் பண்பாட்டுறவுக் கழகம் பல பத்தாண்டுகளாக உதவித்தொகை வழங்கிவருகிறது. ‘ஸ்டடி இன் இந்தியா’ திட்டம் 2018இல் தொடங்கப்பெற்றது. அயல்நாட்டு மாணவர்களுக்கென வழக்கமான இடங்களுக்கு மேல் 25 விழுக்காடு வரை கூடுதல் இடங்களை உருவாக்கிக்கொள்ள 2022இல் பல்கலைக்கழக மானியக் குழு வழிவகுத்தது. இடம் உண்டு, ஆள் வரத்தான் தயக்கம்.

மேலாண்மைக் கல்விக்கு இச்செய்தி சற்றுக் கூடுதலாகவே உறுத்த வேண்டும். 1961இல் கொல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் முதல் இரு ஐ.ஐ.எம்.கள் தோன்றியபோது, முன்னதற்கு எம்.ஐ.டி.யின் ஸ்லோன் பள்ளியும் பின்னதற்கு ஹார்வர்டு வணிகப் பள்ளியும் துணைநின்றன. 2001இல் ஐதராபாத்தில் வகுப்புகளைத் தொடங்கிய இந்தியன் ஸ்கூல் ஆஃப் பிசினஸ், கெல்லாக், வார்ட்டன், லண்டன் வணிகப் பள்ளி ஆகியவற்றின் ஒத்துழைப்போடு உருவானது. பாடமுறையை உலகிலிருந்து பெற்றோம். வகுப்பறை மட்டும் உள்நாட்டோடு நின்றுவிட்டது. இரண்டாமாண்டில் ஒரு பருவத்துக்கு மட்டும் ஐரோப்பியக் கல்லூரிகளிலிருந்து பரிமாற்ற மாணவர்கள் வருகின்றனர். மூன்று மாதங்களில் திரும்பிவிடுகின்றனர். விருந்தினர் வருகைக்கும் குடியிருப்புக்கும் உள்ள வேறுபாடு இதிலும் உண்டு.

பைனான்ஷியல் டைம்ஸ் போன்ற நாளேடுகள் வெளியிடும் உலகத் தரவரிசையில் அயல்நாட்டு மாணவர், ஆசிரியர் விழுக்காட்டுக்கும் மதிப்பெண் உண்டு. நம் முன்னணிக் கல்லூரிகள் பிற அளவுகோல்களில் உயர்ந்தும் இந்த இரண்டில் தாழ்ந்தும் நிற்பது பல ஆண்டுக் காட்சி. தரவரிசைக்காகவே ஆள் சேர்ப்பது போதுமான காரணமாகாது என்பது நமது கருத்து. அதைவிட வலுவான காரணம் வகுப்பறைக்குள்ளேயே இருக்கிறது.

சக மாணவரே பாடநூல்

மேலாண்மைக் கல்வியின் தனிச்சிறப்பு ‘கேஸ்’ முறை. ஒரு நிறுவனம் எதிர்கொண்ட உண்மையான சிக்கல் சில பக்கங்களில் தரப்படும். இரவில் ஐந்தாறு பேர் கொண்ட குழு அதை அலசும். மறுநாள் வகுப்பில் ஆசிரியர் விடை சொல்வதில்லை, கேள்வி கேட்கிறார். ஒவ்வொருவரும் தாம் அறிந்த உலகிலிருந்து பேசுகின்றனர். அம்முறையில் சக மாணவர்தாம் பாடநூல். அறுபது பேரும் ஒரே வகை நுழைவுத் தேர்வுப் பயிற்சி பெற்று, பொறியியல் முடித்து, மென்பொருள் நிறுவனத்தில் இரண்டாண்டுகள் பணியாற்றி வந்தவர்களாக இருந்தால், ஒரே பாடநூலின் அறுபது படிகளை வாங்கி அடுக்கியது போலாகும்.

காத்மாண்டுவிலிருந்து வந்தவருக்கு, அயல்நாட்டில் உழைப்போர் அனுப்பும் பணத்தால் ஒரு நாட்டின் பொருளாதாரமே எவ்வாறு நிற்கிறது என்பது சொந்த அனுபவம். கென்யாவிலிருந்து வந்தவர், 2007இல் அங்கே தொடங்கிய எம்-பேசா கைப்பேசிப் பணச் சேவையைச் சிறுவயதிலிருந்தே பயன்படுத்தியவர், நம் யு.பி.ஐ. பிறந்தது 2016இல்தான். பணவீக்கம் குறித்த பாடம் நடக்கும்போது, விலைப்பட்டியல் வாரந்தோறும் மாறும் நாட்டிலிருந்து வந்த ஒருவர் வகுப்பில் இருப்பது பத்து அட்டவணைகளுக்கு நிகர்.

ஆனால் அவர் பேச வேண்டுமே! வகுப்பில் பங்கேற்பதற்கு மதிப்பெண் உண்டு. ஆசிரியர் சொல்ல மாணவர் எழுதிக்கொள்ளும் மரபில் வளர்ந்தவர், கை உயர்த்தி இடைமறித்துப் பேசும் வகுப்பில் முதல் பருவம் முழுதும் வாய் திறவாமல் போவது உண்டு. அறிவுக் குறை அதற்குக் காரணமன்று; பழக்கக் குறையே காரணம். இதைவிடப் பெரிய இடர் இரவுக் குழுக் கூட்டம். பத்து மணிக்கு ஆங்கிலத்தில் தொடங்கும் பேச்சு, பதினோரு மணிக்குச் சூடு பிடித்ததும் இந்திக்கு மாறிவிடும். கானா நாட்டு மாணவர் மடிக்கணினியைப் பார்த்தபடி அமர்ந்திருப்பார். இலக்னோவிலோ இந்தூரிலோ படிக்கும் நம் தமிழ்ப் பிள்ளைகளுள் பலருக்கும் அந்த நாற்காலி அறிமுகமானதே! குழுப்பணி முடியும்வரை அனைவருக்கும் பொதுவான மொழியில்தான் பேச வேண்டும் என்று சேர்க்கையன்றே எழுத்தில் விதி செய்யும் கல்லூரி, செலவின்றி இருவருக்கும் உதவுகிறது.

பன்முகத்தன்மை கடவுச்சீட்டோடு முடிவதன்று. ஹார்வர்டு வணிகப் பள்ளி தன் இரண்டாண்டு எம்.பி.ஏ. படிப்பின் முதலாண்டில் பெண்களைச் சேர்க்கத் தொடங்கியதே 1963இல்தான். நம் நாட்டில் கோழிக்கோடு ஐ.ஐ.எம். 2013இல் சேர்த்த வகுப்பில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்களாக இருந்தது, அக்கல்லூரிகளின் வரலாற்றில் புதுமை. இட ஒதுக்கீட்டுச் சட்டம் செல்லும் என 2008 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த பின்னர், பிற்படுத்தப்பட்ட வகுப்பினருக்கான 27 விழுக்காடு ஐ.ஐ.எம்.களிலும் நடைமுறைக்கு வந்தது. வெவ்வேறு பின்னணியினர் ஒரே குழுவில் அமர்ந்து பணியாற்றக் கற்ற கல்லூரியே அயல்நாட்டவரையும் எளிதில் ஏற்கிறது என்பது நமது எண்ணம்.

ஒரு வட்டமும் ஒரு கடிதமும்

இனி நம் துறைக்கு வருவோம். அயல்நாட்டு மாணவர் வந்திறங்கிய முதல் மாதத்தில் அவரை வாட்டுவது பாடமன்று, ஒரு வட்டம். வங்கிக் கணக்குத் தொடங்கக் கைப்பேசி எண் கேட்கப்படும். கைப்பேசி எண் பெற உள்ளூர் முகவரி வேண்டும். முகவரி வேண்டுமானால் வீடு பிடிக்க வேண்டும். வீட்டுக்கு முன்பணம் தர வேண்டும். முன்பணத்தை ஊரிலிருந்து வரவழைக்க வங்கிக் கணக்கு வேண்டும். இதற்கிடையே, 180 நாட்களுக்கு மேற்பட்ட விசாவில் வந்தவர் 14 நாட்களுக்குள் அயல்நாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிவுசெய்தாக வேண்டும். அங்கும் முகவரிச் சான்று கேட்கப்படும்.

இந்த வட்டத்தை உடைக்கவே இந்திய ரிசர்வ் வங்கி ஒரு வழியை வகுத்துள்ளது. பலர் இதனை அறியாதிருப்பதால் சற்று விரிவாகச் சொல்கிறோம். அயல்நாட்டு மாணவர், விசாவும் குடியேற்ற முத்திரையும் கொண்ட கடவுச்சீட்டு, நிழற்படம், கல்வி நிறுவனம் வழங்கிய சேர்க்கைக் கடிதம் ஆகியவற்றைக் காட்டி என்.ஆர்.ஓ. வகைக் கணக்கைத் தொடங்கலாம். கடவுச்சீட்டிலுள்ள சொந்த நாட்டு முகவரியே தொடக்கத்தில் போதும். உள்ளூர் முகவரியை 30 நாட்களுக்குள் தந்து, அது சரிபார்க்கப்பட வேண்டும். அதுவரை அக்கணக்கில் வெளிநாட்டிலிருந்து 1,000 அமெரிக்க டாலருக்கு மிகாத தொகையே வரவாகலாம். மொத்தம் 50,000 ரூபாய் வரையே எடுக்கலாம். முகவரி சரிபார்க்கப்பட்டதும் அது வழக்கமான என்.ஆர்.ஓ. கணக்காகிவிடும். பாகிஸ்தான் நாட்டினருக்கு மட்டும் ரிசர்வ் வங்கியின் முன் அனுமதி தேவை.

50,000 ரூபாய் என்பது சிக்கனமாக ஒரு மாதம் வாழப் போதும். வீட்டு முன்பணமும் மெத்தையும் மடிக்கணினியும் வாங்கப் போதாது. எனவே இந்த 30 நாட்கள் எத்தனை விரைவில் முடிகின்றனவோ அத்தனை நல்லது. அதை விரைவுபடுத்துவது ஒரேயொரு தாள். ‘இம்மாணவர் எங்கள் விடுதியில் தங்கியுள்ளார்’ என்று கல்லூரி தரும் கடிதம் முகவரிச் சான்றாக ஏற்கப்படுகிறது. சேர்க்கையன்றே அக்கடிதத்தை முத்திரையிட்டுத் தரும் கல்லூரிகள் உண்டு. விண்ணப்பம், துறைத்தலைவர் கையொப்பம், பதிவாளர் ஒப்புதல் என்று மூன்று வாரம் இழுப்பவையும் உண்டு. ஆண்டுக்கொரு முறை பன்னாட்டு உணவுத் திருவிழா நடத்திக் கொடிகளைத் தொங்கவிடுவதைக் காட்டிலும், முதல் நாளே அந்தக் கடிதத்தைத் தருவது பெரிய உபசாரம்.

கல்விக் கட்டணத்தைப் பொறுத்தவரை மற்றொரு நுட்பம். பெற்றோர் கட்டணத்தை மாணவரின் கணக்கு வழியாக அனுப்பாமல் கல்லூரியின் கணக்குக்கே நேராக அனுப்பலாம். அப்போது மேற்சொன்ன 1,000 டாலர் வரம்பு குறுக்கிடாது. ஆனால் பணம் இடையிலுள்ள வங்கிகளைக் கடந்து வரும்போது அவை தத்தம் கட்டணத்தைக் கழித்துக்கொள்வதால், சேரும் தொகை சில டாலர்கள் குறைந்திருக்கும். அந்தச் சிறு குறைக்காக ‘கட்டணம் முழுமையாகச் செலுத்தப்படவில்லை’ என்று பதிவேட்டில் எழுதி, தேர்வு எழுதும் நாளில் மாணவரை அலுவலகத்துக்கு அலைக்கழிக்கின்றனர். அனுப்புபவரே எல்லாக் கட்டணங்களையும் ஏற்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் இத்தொல்லை பெரும்பாலும் நீங்கும். வெளிநாட்டில் பயிலும் பிள்ளைக்குப் பணம் அனுப்பும் நம் வாடிக்கையாளர்களும் இதை நினைவிற்கொள்ளலாம்.

பிற நாடுகள் வேறு வழிகளைக் கையாள்கின்றன. ஜெர்மனியில் மாணவர் முடக்கக் கணக்கில் ஓராண்டுக்கான தொகையை முன்கூட்டியே வைக்க வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. அதிலிருந்து மாதம் 992 யூரோ மட்டுமே எடுக்க இயலும். பிரிட்டனிலோ, தேவையான தொகை தொடர்ந்து 28 நாட்கள் கணக்கில் இருந்ததற்குச் சான்று காட்ட வேண்டும். அங்கெல்லாம் பணம் இருக்கிறது என்பதை முதலில் மெய்ப்பித்துவிட்டு மாணவர் உள்ளே செல்கிறார். இங்கே உள்ளே வந்தபின் பணத்துக்கு வழி தேடுகிறார். நமது முறை ஏழை நாட்டு மாணவருக்குக் கதவைத் திறக்கிறது. ஆயினும் அம்முறை நன்கு இயங்குவதும் இயங்காததும் கிளை அலுவலரும் கல்லூரி அலுவலரும் விதியை அறிந்திருப்பதைப் பொறுத்தே அமைகிறது.

ஊரில் வங்கி மூடினால்

நேபாள ரூபாயின் மதிப்பு 1993 முதல் ஓர் இந்திய ரூபாய்க்கு 1.60 என நிலைநிறுத்தப்பட்டுள்ளது. பூட்டானின் நுல்ட்ரம் நம் ரூபாய்க்கு நிகரானது. ஆகவே இவ்விரு நாட்டு மாணவர்களுக்கும் செலாவணி மாற்றத்தால் இடர் இல்லை. இந்தியாவுக்கு வர விசாவும் தேவையில்லை. நேபாளத்தினர் பட்டியலில் முதலிடம் பெறுவதற்கு அண்மையும் மொழியும் மட்டுமல்லாது இதுவும் ஒரு காரணம் எனலாம்.

மற்றவர்க்கு நிலை அவ்வாறன்று. 2021 ஆகஸ்டில் காபூல் வீழ்ந்த பின் ஆப்கான் மத்திய வங்கியின் வெளிநாட்டுச் சொத்துகள் முடக்கப்பட்டன. அந்நாட்டு வங்கிகளில் ஒருவர் வாரத்துக்கு 200 டாலர் அளவே எடுக்கலாம் என்ற கட்டுப்பாடு வந்தது. இங்கே பயின்றுகொண்டிருந்தவர்களின் தந்தையரிடம் பணம் இருந்தும் அனுப்ப வழியில்லை. பெருந்தொற்றின்போது ஊர் சென்றிருந்தவர்களோ, முன்னர் வழங்கிய விசாக்கள் அந்த மாதமே செல்லாதவையாக்கப்பட்டதால் திரும்ப இயலாமல், இணையவழியே பாடத்தைத் தொடர நேர்ந்தது. 2022இல் இலங்கை தன் வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியபோது, அங்கே டாலர் கிடைப்பதே அரிதாயிற்று. யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்த குடும்பங்கள் பட்ட இன்னலை நம் வாசகர் பலர் உறவினர் வழி அறிந்திருப்பர். 2023 ஏப்ரலில் கார்ட்டூமில் போர் மூண்டதும் சூடானிய மாணவர்களின் நிலையும் அதுவே.

இத்தகைய வேளையில் மாணவரின் கல்வி நிற்பதும் தொடர்வதும் கல்லூரியின் நிதி அலுவலகத்தைப் பொறுத்தது. கட்டணத்தைத் தவணையாக்குதல், தாமதத் தண்டத்தொகையை நீக்குதல், விடுதி உணவுக் கணக்கை நிறுத்திவைத்தல், விசா நீட்டிப்புக்குரிய சான்றை உடன் வழங்குதல் ஆகிய எவற்றுக்கும் பெருநிதி தேவையில்லை. முன்னாள் மாணவர் நன்கொடையிலிருந்து ஒரு சிறு அவசர நிதியை ஒதுக்கி, வட்டியில்லாக் கடனாகத் தருவதும் இயலக்கூடியதே. நெருக்கடி வந்தபின் குழு அமைத்து ஆராய்வதில் பயனில்லை. விதி முன்னரே எழுதப்பட்டிருக்க வேண்டும்.

படிப்பு முடிந்தபின் வேலை என்பது மற்றொரு தடை. இந்தியாவில் பணி விசா பெறச் சில விலக்குகள் நீங்கலாக ஆண்டுக்கு 16.25 இலட்சம் ரூபாய் ஊதியம் வேண்டும் என்ற விதி நெடுநாளாக உள்ளது. முன்னணிக் கல்லூரிகளில் இந்த ஊதியம் கிட்டலாம். இடைநிலைக் கல்லூரிகளில் எளிதன்று. எனவே பலர் ஊர் திரும்புகின்றனர். வளாக வேலைவாய்ப்புப் பிரிவு, அவர்தம் நாட்டில் கிளை வைத்துள்ள இந்திய நிறுவனங்களை அழைத்துவந்தால் இரு தரப்புக்கும் நலம். ஆப்பிரிக்காவிலும் தெற்காசியாவிலும் இந்திய நிறுவனங்கள் பல இயங்குகின்றன. நம் கல்வியும் அவ்வூர் அறிவும் ஒருங்கே உடையவர் அவற்றுக்குத் தேவை.

வாசகர்கள் செய்யக்கூடியவை

கல்லூரி நகரங்களில் வீட்டை வாடகைக்கு விடும் வாடிக்கையாளர்கள் நம்மிடையே பலர் உள்ளனர். அயல்நாட்டு மாணவருக்கு வீடு தந்தால், 24 மணி நேரத்துக்குள் அவரது வருகையைப் பதிவு அலுவலகத்துக்கு உரிய படிவம் வழியே இணையத்தில் தெரிவிப்பது வீட்டு உரிமையாளரின் கடமை. அதைச் செய்யத் தயங்கியே சிலர் ‘வெளிநாட்டவருக்கு வீடு இல்லை’ என்கின்றனர். உண்மையில் அது சில நிமிட வேலை. வாய்மொழியாக வாடகை பேசிவிட்டு ஒப்பந்தம் எழுத மறுப்பது மாணவருக்குப் பெருந்தீங்கு. வளாகத்துக்கு வெளியே தங்குபவருக்கு எழுத்துப்பூர்வ வாடகை ஒப்பந்தமே வங்கியில் முகவரிச் சான்று. அது இல்லையேல் அந்த 30 நாட்கள் முடிந்தும் கணக்கு முழுமை பெறாது.

இறுதியாக, வளாகங்களில் அண்மைக்காலமாகப் பரவும் ஒரு தீமையைக் குறித்து எச்சரிக்க விரும்புகிறோம். படிப்பு முடிந்து நாடு திரும்பவிருக்கும் மாணவரை அணுகி, அவரது கணக்கையும் பற்று அட்டையையும் சிம் அட்டையையும் சில ஆயிரம் ரூபாய்க்கு விலைபேசும் கும்பல்கள் உள்ளன. இணையமோசடியில் பறித்த பணத்தை அக்கணக்குகள் வழியே கடத்துவதே அவர்களின் நோக்கம். இத்தகைய கணக்குகளைக் கண்டறிய ரிசர்வ் வங்கியின் புத்தாக்க மையம் ‘மியூல்ஹன்டர்’ என்னும் செயற்கை நுண்ணறிவுக் கருவியையே உருவாக்கியுள்ளது. கணக்கு எவர் பெயரில் உள்ளதோ அவரே காவல்துறையின் முதல் விசாரணைக்கு உள்ளாவார். அவர் நைரோபியில் இருந்தாலும் சரி, நாகர்கோவிலில் இருந்தாலும் சரி. நாடு திரும்பும் மாணவர் விமானச் சீட்டுக்கு முன்பதிவு செய்யும்போதே கிளைக்கு வந்து, மீதத் தொகையை அனுப்புவதற்கான படிவத்தை நிரப்பி, அட்டையை ஒப்படைத்து, கணக்கை முடித்ததற்கான எழுத்துச் சான்றைப் பெற்றுக்கொள்ள வேண்டும். வைப்புத்தொகை, விடுதி முன்பணம் ஆகியவை திரும்பி வரவேண்டியிருப்பின், அவை வந்து சேர்ந்த பிறகே கணக்கை மூட வேண்டும்.